ரப்பர் தூங்குது, சத்தம் போடாதீங்க

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வருடம் வாய்த்த இருபத்தெட்டு பிள்ளைகளும் இருபத்தெட்டு விதம் என்று சொன்னால் அது சுத்தப் பொய். இருபத்தெட்டும் ஒரே விதம். ஒன்று தும்மினால் மற்ற இருபத்தேழும் தும்மும். ஒன்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகணும் என்றால் வகுப்புக்கே தொண்டை வறண்டுவிடும்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் மாதம் பசை மோகம். பசையை உள்ளங்கையில் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, தோல் உரிகிற மாதிரி உரிப்பது. யாருடையது கிழியாமல் முழுசாக வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. டீச்சர் பசை டப்பாக்களைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள். அடுத்த வாரமே பேனா ஸ்பிரிங் வந்துவிட்டது. பேனாவைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மேசைமேல் அழுத்தி விட்டால் அது எங்கேயாவது போய் விழும். அப்படி ஒன்று போய் டீச்சரின் கொண்டையில் உட்கார்ந்தது. காலையில் உட்கார்ந்ததை அவள் மதியம் கண்ணாடி பார்க்கும்போதுதான் கண்டாள். அதுவரை ஸ்டாஃப் ரூமில் ஒரு ஆத்மா வாயைத் திறக்கவில்லை. நல்ல சக ஆசிரியர்கள்!

ஸ்பிரிங்கையும் பிடுங்கினாள். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்து அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் ரப்பருக்கு உயிர் வந்தது.

யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பென்சிலை அழிக்கிற சாதாரண ரப்பர்தான். அதற்குப் பேனாவால் இரண்டு கண், ஒரு வாய். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கை. கைக்குட்டை மூலையை வெட்டிப் போர்வை. அவ்வளவுதான், அது குழந்தை ஆகிவிட்டது. ஒரே வாரத்தில் வகுப்பில் இருபத்தேழு கைக்குழந்தைகள். கடைசி பெஞ்ச் ஆஸ்பத்திரி. ஜன்னலோரம் பூங்கா. குழந்தையைத் தேய்த்தால் தேய்ந்துபோகும் அல்லவா, அதனால் யாரும் எதையும் அழிப்பதில்லை. தப்பு வந்தால் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்கள். நோட்டெல்லாம் அடுப்புக்கரி பூசிய மாதிரி கிடந்தது.

வகுப்பில் ஒருவன் உண்டு. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பதால் டீச்சரே அவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தாள். அவன் ஒரு நாள் வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் நீட்டினான். "என் குழந்தைக்கு நேற்று முதல் காய்ச்சல். ஆகவே ஏழாம் வாய்ப்பாடு எழுத இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கீழே கையெழுத்து வேறு.

டீச்சர் சிரிப்பை அடக்க இருமினாள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வியாழக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

அவள் கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சிலிருந்து "ஷ்ஷ்!" என்று சத்தம்.

"யாரு?"

"டீச்சர், கொஞ்சம் மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்குச்சு."

"ஓ, சரி சரி" என்று டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் கிசுகிசுப்பாகவே கணக்கு நடத்தினாள். சாக்பீஸைக்கூட சத்தம் வராமல் பிடித்தாள். பிறகுதான் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது. எட்டு வருடம் வேலை பார்த்தவள், ஒரு ரப்பருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்!

"போதும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகள்கூட எழுந்திருப்பார்கள். காலி பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள். "எல்லாரும் வரிசையா வந்து ரப்பரை இதுல போடுங்க. எல்லாரும்!"

வக்கீல் எழுந்தான். "டீச்சர், ரப்பர்னா பிடுங்கலாம். இது குழந்தை. குழந்தைய அம்மா அப்பாகிட்ட இருந்து பிரிக்கக் கூடாது."

"பிரிச்சுட்டேன். போடு உள்ள."

இருபத்தேழு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். சிலர் டப்பாவுக்குள் குனிந்து ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்து நின்றது பட்டாணி.

ஆள் சின்னதாக, உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். வாயே திறக்காத பெண். அவள் கையில் இருந்தது சட்டைப் பொத்தான் அளவு ரப்பர். வகுப்பிலேயே வேலை செய்கிற ரப்பர் அது ஒன்றுதான். தேய்ந்து தேய்ந்து, முகம் வரைய இடமே இல்லாமல் போயிருந்தது. "இது குழந்தையே இல்ல, சேர்த்துக்க மாட்டோம்" என்று மற்றதுகள் சொல்லிவிட்டன.

"உன்னோடதும் குழந்தையா?" என்று கேட்டாள் டீச்சர்.

பட்டாணி இல்லை என்று தலையாட்டினாள். "இது அழிக்கறது டீச்சர்."

"சட்டம்னா எல்லாருக்கும்தான். போடு."

போட்டாள்.

பட்டாணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் கணக்கு நோட்டில் ஒரு பக்கம்கூட ஓட்டை இல்லாமல் இருக்காது. எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள், காகிதம் பிய்ந்து அடுத்த பக்கம் தெரியும். அரையாண்டுத் தேர்வில் ஐம்பதுக்கு ஏழு. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அரையாண்டு முடிந்ததும், பாடம் பிடிபடாத பிள்ளைகளை ஒரு வகுப்பு கீழே உட்காரவைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு கணக்குப் பரிட்சை உண்டு. ஆனால் அது ஒரு பேச்சுக்குத்தான் என்று நினைத்த டீச்சர், புதன்கிழமையே பட்டியலை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

இரண்டாம் வகுப்பில்தான் பட்டாணியின் தம்பி படிக்கிறான். விஷயம் தெரிந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா நம்ம கிளாசுக்கு வரப்போறா என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தன் பெஞ்சில் பக்கத்து இடத்தில் பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் காவல் காத்தான். பாவி, அவ்வளவு பாசம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பட்டாணி இடைவேளையில்கூட வெளியே வருவதில்லை.

வெள்ளிக்கிழமை பரிட்சைக்கு வினாத்தாளைக் கொடுத்த பிறகுதான் வகுப்பில் ஒரு ரப்பர்கூட இல்லை என்பது டீச்சருக்கு நினைவு வந்தது.

"டீச்சர், தப்பு வந்தா என்ன பண்றது?" என்று வக்கீல் கேட்டான். "குழந்தைகளத் திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

"ஆசையப் பாரு! தப்பு வந்தா ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. பக்கத்துல சரியானத எழுதுங்க. கிறுக்கக் கூடாது."

பிறகு வழக்கம்போல பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். நடக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு பெஞ்சுக்குப் பக்கத்திலும் ஒரு நொடி நின்று, "நல்லா பாரு, சரியா இருக்கா பாரு" என்று சொல்லிக்கொண்டே போவாள். எட்டு வருடப் பழக்கம். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயரே நல்லாபாரு டீச்சர்தான். அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, மின்விசிறிச் சத்தத்தோடு அதுவும் ஒரு சத்தம். இரண்டு சுற்று வந்ததும் அலுவலக உதவியாளர் வந்து கூப்பிட, பரிட்சை முடியும்வரை வாசலில் நின்றே பேச வேண்டியதாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே அவள் கணவர் ஒரு பழுதான மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன், வெளியே பார்க்கிற வேலை போதாதென்று வீட்டுக்கும் கொண்டுவருவார்.

பட்டாணியின் தாள் வந்தது. முதல் கணக்கு, முந்நூற்று நான்கிலிருந்து நூற்றிருபத்தெட்டைக் கழிக்க வேண்டும். விடை 224 என்று இருந்தது. தப்பு. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள். இரண்டாவது தப்பு. மூன்றாவது தப்பு. கை தானாகப் போட்டுக்கொண்டே போனது. எட்டாவதில் போய் நின்றது.

அந்த விடைக்குப் பக்கத்தில் அடித்திருந்த எண்ணை அவள் அப்போதுதான் பார்த்தாள். டீச்சர் சொன்னபடி ஒரே ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. கோட்டுக்கு அடியில் எண் பளிச்சென்று தெரிந்தது. அது சரியான விடை.

முதல் கணக்குக்குத் திரும்பினாள். கோட்டுக்கு அடியில் 176. சரி. இரண்டாவதில் கோட்டுக்கு அடியில் இருந்ததும் சரி. எட்டில் ஏழு அப்படியே. முதலில் சரியாகப் போட்டு, பிறகு அடித்து, தப்பாக எழுதியிருக்கிறாள். ஒன்பதாவதும் பத்தாவதும் மட்டும் அடிக்காமல் இருந்தன. இரண்டும் சரி.

"என்னங்க, இதப் பாருங்களேன்" என்று டீச்சர் தாளைத் தூக்கினாள். "எல்லாத்தையும் சரியா போட்டுட்டு, தானே அடிச்சு தப்பா எழுதியிருக்கு. யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"நான் பண்ணுவேனே" என்றார் அவர் மிக்ஸியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"விளையாடாதீங்க."

"விளையாடல. தினமும் காலைல நான் கிளம்பும்போது என்ன சொல்ற? மோட்டார் சுவிட்ச அணைச்சீங்களா, நல்லா பாருங்கன்னு. நான் அணைச்சுட்டுத்தான் வந்திருப்பேன். ஆனா நீ கேட்ட உடனே ஒரு சந்தேகம். திரும்பிப் போய் அந்த சுவிட்சத் தட்டுவேன். மோட்டார் ஓட ஆரம்பிக்கும். முப்பது வருஷமா கரண்டு வேலை பாக்கறவன் நான். எனக்கே இந்தக் கதி."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒன்பதும் பத்தும் ஏன் தப்பித்தன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

எப்போதோ திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பட்டாணியின் பழைய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் எந்தச் சரியான விடை இருந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். ஓட்டைகளுக்குப் பக்கத்தில் அவளே சிவப்பு மையில் எழுதியிருந்தாள், சுத்தமாக எழுதவும் என்று. அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. மிக்ஸிக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

திங்கட்கிழமை மணி அடிக்கும் முன்பே பட்டாணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, முதல்ல போட்டத ஏன் அடிச்ச?"

பட்டாணி தரையைப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்கல்ல டீச்சர்."

"நான் என்ன சொன்னேன்?"

"நல்லா பாருன்னு."

"அத எல்லார்கிட்டயும்தானேடா சொல்றேன்?"

பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். "எல்லார்கிட்டயுமா? தப்பா போட்டவங்களுக்குன்னு நெனச்சேன்."

டீச்சர் விடைத்தாளை எடுத்துக்கொண்டாள். நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனாள்.

பெரிய டீச்சரின் செருப்பு சிமெண்டுத் தரையில் டக் டக் என்று அடிக்கும் சத்தம் இரண்டு அறைக்கு அப்பாலேயே கேட்கும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பள்ளி அடங்கும். டீச்சர் விடைத்தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாய்தான் காரணம் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது காது சிவந்துவிட்டது.

"பட்டியல்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே?" என்றார் பெரிய டீச்சர்.

"ஆமா மேடம்."

"அடிச்ச விடைக்கு மார்க் போடச் சொல்றீங்களா?"

"இல்ல மேடம். இன்னொரு தடவ பாருங்கன்னு சொல்றேன்."

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மதியம் நானே வர்றேன். பத்து கணக்கு, நானே போடுவேன். ஏழு சரின்னா உங்க பொண்ணு உங்ககிட்ட. இல்லேன்னா நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணு தம்பி பக்கத்துல. அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது."

வகுப்புக்குத் திரும்பிய டீச்சர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "திருப்பித் தரேன். ஆனா ஒரு நிபந்தனை."

"எழுத்துல குடுங்க டீச்சர்" என்றான் வக்கீல்.

"வாயாலயே சொல்றேன். கணக்கு நேரத்துல எல்லாக் குழந்தையும் தூங்கணும். பெட்டிய மூடி மேசைமேல வைக்கணும். தூங்கற குழந்தைய எழுப்பவே கூடாது. தப்பு வந்தா ஒரு கோடு. சம்மதமா?"

தூங்குகிற குழந்தையை எழுப்புவதா? அது என்ன கேள்வி! வகுப்பு ஒரே குரலில் சம்மதித்தது. குழந்தைகள் வீடு திரும்பின. கட்டிப்பிடித்தலும் காய்ச்சல் தொட்டுப் பார்த்தலும் அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. டப்பாவின் அடியில் மிச்சம் இருந்தது பொத்தான் ரப்பர். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தாள். பஞ்சு வைத்து வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்திருந்தாள்.

"இதுக்கும்தான்" என்று பட்டாணியிடம் கொடுத்தாள்.

"இதுல முகம் வராதே டீச்சர்" என்று யாரோ சொன்னார்கள். பட்டாணி பேனாவைத் திறந்தாள். பேனா முனையைப் பொத்தான் ரப்பரில் இரண்டு இடத்தில் வைத்து எடுத்தாள். மற்ற குழந்தைகளுக்கெல்லாம் வட்டக் கண். இதற்கு இரண்டு வளைந்த கோடு, அவ்வளவுதான். மூடிய கண்கள். பஞ்சில் படுக்கவைத்துப் பெட்டியை மூடினாள்.

மதியம் டக் டக் கேட்டது. பெரிய டீச்சர் வந்தார், கரும்பலகையில் பத்து கணக்கை எழுதினார். டீச்சர் மூலையில் போய் நின்றுகொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று கைக்குட்டையை உதட்டில் அழுத்திப் பிடித்திருந்தாள். இருபத்தெட்டு தலைகள் குனிந்தன.

பெரிய டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. பட்டாணியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து அவள் தாளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது சரியா?" என்றார். "நல்லா பாரு."

மூலையில் நின்ற டீச்சர் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டாள். அட ஆண்டவா, இவருக்குமா அந்த வார்த்தை? தான் காலையில் அவரிடம் சொன்னது எந்தக் காதில் போயிற்று?

பட்டாணியின் பென்சில் நின்றது. அவள் விடையைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெல்ல நகர்ந்து தீப்பெட்டியைத் தொட்டது. அதை அரை அங்குலம் திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கற?" பெரிய டீச்சரின் குரல் வகுப்பு முழுக்க எதிரொலித்தது.

பட்டாணி சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்!" என்றாள். "தூங்குது."

வகுப்பு உறைந்தது. வக்கீல்கூட வாயைப் பிளந்தான். பெரிய டீச்சரைப் பார்த்து ஷ்ஷ் சொன்ன பிள்ளை அந்தப் பள்ளியில் அதுவரை பிறக்கவில்லை. பட்டாணி பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினாள். பென்சிலை எடுத்தாள். விடையைத் தொடாமல் அடுத்த கணக்குக்குப் போனாள்.

பெரிய டீச்சர் மூடிய தீப்பெட்டியைப் பார்த்தார், பட்டாணியைப் பார்த்தார், மூலையில் கைக்குட்டையோடு நிற்கும் டீச்சரைப் பார்த்தார். "சரி சரி" என்றார் கிசுகிசுப்பாக. மிச்ச வரிசைகளை அவர் சுற்றி முடிக்கும்வரை அந்தச் செருப்பிலிருந்து ஒரு டக் கூட வரவில்லை.

பத்துக்கு எட்டு. தப்பான இரண்டும் அழிக்கப்படாமல், அடிக்கப்படாமல், நிம்மதியாகத் தப்பாக இருந்தன. பெரிய டீச்சர் பட்டியலை எடுத்து, இருந்த ஒரே பெயரின்மேல் ஒரு கோடு போட்டார்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே பாயும்போது, நடைவழியில் தம்பிக்காரன் பையோடு காத்துக்கொண்டிருந்தான். டீச்சர் வாசலில் நின்று பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு ஜன்னல் பக்கம் நீ உட்காந்துக்கோ. நான் விட்டுக்குடுக்கறேன்."

"நான் வரலடா. நான் மூணாம் கிளாஸ்."

தம்பியின் முகம் சுருங்கியது. நாலு நாளாக அந்த இடத்துக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறான்! "பொய். பட்டியல்ல உன் பேர் இருந்துச்சு. நீ நல்லா பாத்தியா?"

டீச்சரின் கை தன்னையறியாமல் கதவைப் பிடித்தது.

"பாத்தாச்சு" என்றாள் பட்டாணி. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.